செக்கில் இரண்டு பெயர்

அன்புள்ள கோமதி,

நாலு மாதமாக உன் ஃபோனை எடுக்கவில்லை, மெசேஜுக்கும் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? ஃபிசியோவுக்கு ஒழுங்காகப் போகிறாயா, இல்லை ஹாஸ்டலில் காலை டிரில்லுக்கு டிமிக்கி கொடுத்த கதைதானா? நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். பவித்ரா போன மாதம் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். விசாரிப்பு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் "ஆயிரத்துச் சொச்சம் டாலருக்கா இவ்வளவு?" என்பார்கள்.

மாநில வரி ரீஃபண்ட். ஆமாம்டி, அதேதான், இன்னும் முடியவில்லை.

மார்ச்சில் நான் புலம்பியபோது "ஐஆர்எஸ் சைட்டில் பாரேன்" என்றாய். மாநில வருமான வரியே இல்லாத டெக்ஸாஸில் இருபது வருடமாக அது என்னவென்றே தெரியாமல் இருக்கிறவள் நீ. சொத்து வரி பில் வரும்போதுதான் எனக்கு ஃபோன் போட்டு அழுவாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. ஐஆர்எஸ் மத்திய அரசின் வரித்துறை, அதன் தளத்தில் ஃபெடரல் ரீஃபண்ட் மட்டும்தான் தெரியும். மாநிலத்துக்கு அந்தந்த வரித்துறையின் தளத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு ஃபெடரல் பணம் பதினாறே நாளில் வங்கியில் விழுந்துவிட்டது. மாநிலப் பணம் 1,386 டாலருக்குத்தான் பிப்ரவரியிலிருந்து இந்த ஜூலை வரை இழுக்கிறது.

எங்கள் வீட்டில் வரி வேலை எப்போதும் என்னுடையதுதான், உனக்கே தெரியும். நான் லேப்டாப்பில் உட்காருவேன். உன் அண்ணன் எதிரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே, கம்பெனி தரும் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தைப் படிப்பார். "பாக்ஸ் 16, மாநிலச் சம்பளம். பாக்ஸ் 17, பிடித்த வரி." இரண்டு தரம் படிப்பார். இரண்டாவது தரம் படித்தபிறகுதான் ஒரு சுளை எனக்கு வரும். இந்த வருடம் அவருடைய டபிள்யூ-2 ஜனவரிக் கடைசியில் தபாலில் வந்தது. செப்டம்பர் வரைக்குமான சம்பளம். நானே சத்தமாகப் படித்துக்கொண்டு நானே அடித்தேன்.

கணவன் மனைவியில் ஒருவர் போய்விட்டால், அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் இன்னொருவர் இருவர் பேரிலும் சேர்த்து ஜாயிண்ட் ரிட்டர்ன் போடலாம். அடுத்த வருடத்திலிருந்து, நம்மை நம்பியிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒரு சலுகை உண்டு. பவித்ரா வேலைக்குப் போய்விட்டாள், அதனால் எனக்கு அது இல்லை. நேராக 'சிங்கிள்'தான். வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கிற தொகை 2024-க்குத் தம்பதிக்கு 29,200 டாலர், தனி ஆளுக்கு 14,600. பணம் போவது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

மாநிலத் தளத்தில் ரீஃபண்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்க மூன்று விஷயம் கேட்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண், சென்ட் தள்ளிய ரீஃபண்ட் தொகை, அப்புறம் ஃபைலிங் ஸ்டேட்டஸ். ரிட்டர்னில் முதல் பெயர் அவருடையது என்பதால் அவர் எண்ணைத்தான் போட வேண்டும். தினம் காலையில் அவர் எண்ணை அடித்து, 'மேரீட், ஜாயிண்ட்' என்று தேர்ந்தெடுப்பேன். "உங்கள் ரிட்டர்ன் பரிசீலனையில் உள்ளது" என்று வரும். ராத்திரி ஒரு தடவைதான் அந்தத் தகவல் மாறும், பகலில் எத்தனை தரம் பார்த்தாலும் அதேதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் மத்தியானம் இன்னொரு தரம் போடுவேன். ஏழு வாரம் இப்படி.

ஏழாவது வாரம் கடிதம் வந்தது, அவர் பெயருக்கு. "இந்த ரிட்டர்னைத் தாக்கல் செய்தது நீங்கள்தான் என்று முப்பது நாளுக்குள் உறுதிப்படுத்துங்கள்." கோமு, அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இறந்தவர்களின் எண்ணைத் திருடிப் பொய் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டைச் சுருட்டுகிற கும்பல்கள் உண்டு. அப்படிப்பட்ட எண்ணில் ரிட்டர்ன் வந்தால் நிறுத்தி வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கடிதத்தை அவருக்கே எழுதுவார்களா?

ஃபோன் போட்டேன். ஒரு மணி ஐம்பது நிமிடம் காத்திருப்பு. கடைசியில் எடுத்த பெண் முதலில் கேட்டது, "வரி செலுத்துபவர் பக்கத்தில் இருக்கிறாரா?" சொன்னேன். "வருந்துகிறேன்" என்றாள், உண்மையாகவே வருந்திய குரல்தான். அப்புறம் பெயரில் வந்து நின்றாள். அவர் முருகேசன் பழனிசாமி, நான் வசந்தி முருகேசன். கணவன் மனைவி என்றால் கடைசிப் பெயர் ஏன் வேறு வேறு? இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, இமிக்ரேஷன் என்று எல்லா இடத்திலும் சொன்ன பதில்தான். அவருடைய கடைசிப் பெயர் அவர் அப்பாவுடையது, என்னுடைய கடைசிப் பெயர் அவருடையது. "ஓ, அப்படியானால் அவருடைய முதல் பெயர்தான் உங்கள் கடைசிப் பெயரா?" என்றாள். "ஆமாம்" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

இறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவுச் சான்றிதழ் இரண்டும் கேட்டார்கள். சேலத்துச் சார்பதிவாளர் கொடுத்த தாள் நல்ல வேளையாக ஆங்கிலத்திலும் இருந்தது. அனுப்பினேன். ஒரு மாதம் சத்தமே இல்லை. எங்கள் தொகுதியின் மாநில சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குச் சொல்லலாம் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். வரி விவரத்தை அவர்களிடம் பகிரச் சம்மதிக்கிறேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று வந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள், யாருக்காவது உதவும்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் செய்த தவறு ஒன்று பாக்கி இருந்தது. ஏப்ரலில் வங்கியில் சான்றிதழைக் காட்டியபோது ஜாயிண்ட் கணக்கை மூடி என் பெயரில் புதிதாகத் திறந்து கொடுத்தார்கள். ரிட்டர்னில் கொடுத்திருந்தது பழைய கணக்கு எண். தளத்தில் 'அனுப்பப்பட்டது' என்று இருக்கிறது, வங்கியில் பணம் இல்லை. மூடின கணக்குக்குப் போன பணம் திரும்பிப் போய், காகிதச் செக்காக அடித்து வர இன்னும் ஐந்து வாரம். வர வேண்டிய பணமெல்லாம் வந்து சேரும் வரை ஜாயிண்ட் கணக்கை மூடவே கூடாது, கோமு. அந்த நேரத்தில் இதை எடுத்துச் சொல்ல யாரும் இருப்பதில்லை.

வியாழக்கிழமை செக் வந்தது. முருகேசன் பழனிசாமி அண்ட் வசந்தி முருகேசன். 'அண்ட்' என்று இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம், வங்கியில் வாங்கவில்லை. செக்கைத் திருப்பி அனுப்பி, சான்றிதழை மறுபடி இணைத்து, என் பெயருக்கு மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மறப்பதற்குள் சொல்கிறேன், கார்த்திக் கலிஃபோர்னியாவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறானே, அடுத்த வருடம் அவனும் மாநில ரிட்டர்ன் போட வேண்டும். ஆன்லைனில் போடச் சொல். அங்கே ஆன்லைன் என்றால் மூன்று வாரம் வரை ஆகும், காகிதத்தில் போட்டால் மூன்று மாதம் வரை. வீடு மாறினால் வரித்துறைக்கு விலாசத்தைத் தெரிவிக்கட்டும். கேள்வி கேட்கிற கடிதமெல்லாம் தபாலில்தான் வரும்.

செக் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. கவர் எழுதி ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது, போடத்தான் கை வரவில்லை. எங்கள் இரண்டு பெயரையும் சேர்த்து அடித்து இனிமேல் எந்தத் தபாலும் வராது. பவித்ராவிடம் சொன்னேன். "ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளம்மா" என்றாள். எடுத்தேன். அதுவும் போதவில்லை, நேற்று லைப்ரரிக்குப் போய்க் கலரில் ஒரு நகல் எடுத்து அவருடைய பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன். நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் சர்டிஃபைட் மெயிலில் அனுப்பிவிடுவேன்.

ஆகஸ்டில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா? தேதியைச் சொல். டாக்ஸி எல்லாம் வேண்டாம், ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். இப்போது ஹைவேயில் ஓட்டுகிறேன்.

உன்
வசந்தி