பானட்டைப் பூட்டாதீர்கள்: மெர்சிடிஸ்-பென்ஸ் மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டுட்கார்ட் தலைமையகத்தில் இருக்கும் மதிப்பிற்குரியோருக்கு,

1888 ஆகஸ்ட்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்லிடம் சொல்லாமல், மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த மூன்று சக்கர வண்டியை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியைச் சுற்றினார். மரப் பிரேக் கட்டை தேய்ந்ததும் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்துத் தோல் அடித்துக்கொண்டார். பிரேக் லைனிங் பிறந்தது அப்படித்தான். மேட்டில் வண்டி ஏறவில்லை, தள்ள வேண்டியிருந்தது. அதன்பிறகு இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. இதைத் துணிச்சலின் கதையாக நீங்கள் உலகெங்கும் சொல்லிவருகிறீர்கள். பழைய பென்ஸ்களின் அடியில் படுத்து வேலை செய்யும் எங்களுக்கு அதில் வேறொன்று தெரிகிறது: வண்டி கெட்டது, கெட்ட இடம் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குக் கிடைத்ததை வைத்துச் சரிசெய்யவும் முடிந்தது.

உங்கள் மின்சார இக்யூஎஸ் காரின் பானட்டை உரிமையாளர் திறக்கக் கூடாது. கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்ற மட்டும் இடப்பக்க மட்கார்டில் ஒரு சின்ன மூடி வைத்திருக்கிறீர்கள். தொப்பி ஊசிக்கும் அந்த மூடிக்கும் நடுவே நடந்ததைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எஸ் கிளாஸ் மட்டுமல்ல. 1976 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகளில் சுமார் 27 லட்சம் விற்ற, டபிள்யூ 123 என்று நீங்கள் குறியிட்ட கார் வரிசைக்கு அதில் பெரும் பங்கு. உங்கள் அருங்காட்சியகத்தில் நிற்கும் கிரேக்க டாக்சி அதற்கும் முந்தைய தலைமுறை 240 டி; 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. பலர் அதை ஒரே இன்ஜினில் ஓடியதாக நினைக்கிறார்கள். இல்லை, இன்ஜினை இறக்கி ஏற்றி, மாற்றி மாற்றித்தான் அத்தனை தூரம் ஓட்டினார்கள். அந்த வண்டியின் பெருமையே அதில்தான் இருக்கிறது.

அந்த டீசல்களில் டேப்பட் செட்டிங் செய்வதை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, உள்வாங்கும் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வுக்கு 0.30, டர்போ என்றால் 0.35. பதினான்காம் நம்பர் ஸ்பேனர்களும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் போதும். கிராங்கை அதன் சுழலும் திசையில் மட்டும் திருப்ப வேண்டும், பின்னோக்கிச் சுற்றவே கூடாது. பல இன்ஜின்களில் டேப்பட் நாளாக நாளாகத் தளர்ந்து சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இதில் வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்து இடைவெளி குறைகிறது. அதனால் சத்தம் வராது. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், புகை தள்ளும், கடைசியில் வால்வு கருகும். அமைதியாக ஓடுகிறதே என்று விட்டவர்கள்தான் இன்ஜின் ஹெட்டை இறக்கினார்கள். ஆனால் இதெல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருந்தது. அளவு, கருவி, கிலோமீட்டர், எதையும் நீங்கள் மறைக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. சாவியைத் திருப்பி அணைத்தாலும் டபிள்யூ 123 டீசல் சில சமயம் நிற்காது. இன்ஜெக்‌ஷன் பம்பை நிறுத்துவது வேக்குவம், அதாவது வெற்றிடத்தின் உறிஞ்சல். கதவுப் பூட்டுகளும் அதே வேக்குவத்தில் வேலை செய்கின்றன. ஒரு கதவுக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்தால் இன்ஜின் அணையாது! கதவுக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று முதல்முறை பார்ப்பவர் தலையைச் சொறிவார். ஆனால் பானட்டைத் தூக்கினால் ‘ஸ்டாப்’ என்று எழுதிய ஒரு லீவர் இருக்கும், அழுத்தினால் நிற்கும். பிறகு வேக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம். இப்படி ஒரு கோளாறு வரும் என்று முன்கூட்டியே யோசித்து அந்த லீவரை வைத்த பொறியாளருக்கு இந்த மடலில் ஒரு வணக்கம்.

தொண்ணூறுகளில் இந்த வழக்கம் முறிந்தது.

முதலில் வயரிங். ஏறக்குறைய 1992 முதல் 1995 வரை வந்த பெட்ரோல் கார்களில், டபிள்யூ 124இன் கடைசி ஆண்டுகள், டபிள்யூ 140 எஸ் கிளாஸ் உட்பட, இன்ஜின் ஹார்னஸின் (வயர்க் கட்டின்) உறை எளிதில் மக்கும் வகைப் பொருளால் செய்யப்பட்டிருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் மண்ணில் மக்குவதற்கு முன்பே இன்ஜின் சூட்டில் மக்கிவிட்டது. வெளியே கறுப்பு உறை நன்றாகவே தெரியும். கனெக்டருக்குப் பக்கத்தில் அதைச் சற்று விலக்கினால் உள்ளே வயர் மொட்டையாக இருக்கும், மேல்தோல் அப்பளம்போல் நொறுங்கி உதிரும். நிற்கும்போது இன்ஜின் ஓடும் ஐடில் வேகம் ஏறி இறங்கும், காற்றளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் அலகு அடம்பிடிக்கும், வயரோடு வயர் உரசினால் கன்ட்ரோல் யூனிட்டே போய்விடும். விவரம் தெரியாத ஒர்க்‌ஷாப்களில் முதலில் சென்சார், பிறகு த்ராட்டில், பிறகு யூனிட் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் ஹார்னஸில் கட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள், 1996க்குப் பிந்தைய தேதி என்றால் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. பழைய தேதி என்றால் டேப் சுற்றி ஒட்டுப்போடாதீர்கள், முழு ஹார்னஸையும் மாற்றுங்கள். த்ராட்டில் அலகுக்குள்ளும் அதே காலத்து வயர்தான், அதையும் பார்க்க வேண்டும்.

1995இல் வந்த டபிள்யூ 210இன் துருவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, ஊரறிந்தது. ஆனால் ஓர் இடத்தைச் சொல்லாமல் விட முடியாது: முன்பக்க ஸ்பிரிங்கின் மேல்முனை உட்காரும் கிண்ணம். அது வெல்டிங்கில் நிற்கிறது, அதன்மேல் சீலண்ட் பூசியிருக்கிறது, சீலண்டுக்குக் கீழே ஈரம் தங்கித் துரு வெல்டிங்கைத் தின்கிறது. வெளியே ஒரு கொப்புளம்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஒருநாள் கிண்ணம் பிய்ந்து, வண்டியின் ஒரு மூலை உட்கார்ந்துவிடும். இந்த மாடலை வாங்குபவர் பெயிண்டைப் பார்க்கும் முன் சக்கரத்தைக் கழற்றி அந்தச் சீலண்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

இனி ‘ஆயுள் முழுவதற்கும்’ என்ற சொல். 1996 வாக்கில் வந்த 722.6 ஐந்து வேக ஆட்டோமேட்டிக் நல்ல கியர்பாக்ஸ், மிக நல்ல கியர்பாக்ஸ். அதன் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்றீர்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டு வெறும் குழாயை மட்டும் வைத்து, மூடிக்குப் பிளாஸ்டிக் பூட்டும் போட்டீர்கள். பிறகு 60,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்லி நீங்களே திருத்திக்கொண்டீர்கள். திருத்தியது சரிதான், ஆனால் அந்தத் திருத்தம் எத்தனை உரிமையாளர்களின் காதுக்கு எட்டியது? இன்றும் ‘கம்பெனியே மாற்ற வேண்டாம் என்றது’ என்று சொல்லி இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஆன, கரிபோல் கறுத்த ஆயிலோடு வண்டிகள் வருகின்றன.

சரியான முறையை நீங்கள் அச்சிட்டு அனுப்பியிருக்கலாம், நாங்கள் சொல்கிறோம். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ‘ஆயில் பான்’ தட்டை மட்டும் இறக்கினால் பாதி ஆயில்தான் வரும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் வடிகால் போல்ட் உள்ள வண்டி என்றால் அதையும் திறந்து மொத்தம் ஏழரை முதல் எட்டு லிட்டர் மாற்றலாம். ஃபில்டரும் பான் கேஸ்கெட்டும் புதியவை. துடைக்க நூல் பிரியாத துணி, ஏனென்றால் ஆயிலின் பாதைகளைத் திறந்து மூடும் வால்வு பாடிக்குள் ஒரு இழை போனாலும் தொல்லை. லெவலை ஆயில் 80 டிகிரி சூடானதும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒர்க்‌ஷாப் டிப்ஸ்டிக்கால்தான் பார்க்க வேண்டும். குளிரில் பார்த்து நிரப்பினால் சூட்டில் அளவு மீறி நுரை கட்டும். குறைத்து ஊற்றினால் கியர் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சின்னது, கண்ணளவு இங்கே உதவாது.

அதே கியர்பாக்ஸின் பக்கவாட்டில் பதின்மூன்று பின் உள்ள ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் இருக்கிறது. அதன் இரண்டு ஓ-ரிங்குகள் இறுகிப்போனால் ஆயில் கசியும். கீழே சொட்டினால் பரவாயில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் வயருக்குள் ஊறி மேலே கன்ட்ரோல் யூனிட் வரை போய்விடுகிறது. கனெக்டரின் விலை ஒரு மதியச் சாப்பாட்டுக் கணக்கு, யூனிட்டின் விலை அப்படியல்ல. அதனால் ஆயில் மாற்றும்போதே கனெக்டரையும் மாற்றிவிடுங்கள். 2000க்குப் பிந்தைய சில ஆண்டு கார்களில் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரில் விரிசல் விட்டுக் கூலண்ட் ஆயிலில் கலந்த கதையும் உண்டு. கூலண்டில் இருக்கும் கிளைக்கால் கிளட்ச் லைனிங்கைக் கெடுப்பதால், சீரான வேகத்தில் போகும்போது சாலையில் வரிவரியாகக் கோடு போட்டதுபோல் வண்டி அதிரும். அப்போது கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் ஆயிலில் கிளைக்கால் இருக்கிறதா என்று பரிசோதித்து, இருந்தால் முதலில் ரேடியேட்டரை மாற்ற வேண்டும்.

எஸ்பிசி என்ற மின்னணு பிரேக்கைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறோம், ஏனென்றால் இதில் விரல் போகலாம். 2001இல் எஸ்எல் காரிலும், அடுத்து டபிள்யூ 211இலும் மின்சாரத்தில் இயங்கும் இந்த பிரேக்கைக் கொண்டுவந்தீர்கள். 2004இல் 6,80,000 கார்களைத் திரும்ப அழைத்தீர்கள், 2005இல் மின்சாரக் கோளாறுகளையும் சேர்த்து 13 லட்சம். 2006இல் டபிள்யூ 211ஐப் புதுப்பித்தபோது சாதாரண பிரேக்குக்கே திரும்பினீர்கள். ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அந்த பம்ப் எத்தனை முறை பிரேக் பிடித்தது என்று எண்ணிக்கொண்டே வரும். குறித்த எண்ணிக்கை வந்ததும், பம்ப் நன்றாக இருந்தாலும் எச்சரிக்கை காட்டும். பிரேக் பேட் மாற்றப்போகும் எந்த மெக்கானிக்கும் தெரிந்திருக்க வேண்டியது: கதவைத் திறந்தாலே, ரிமோட்டில் பூட்டைத் திறந்தாலே, பம்ப் விழித்துக்கொண்டு நூறு பாருக்கும் மேலான அழுத்தத்தை, பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பருக்கு அனுப்பும். அந்நேரம் பிஸ்டனுக்கும் டிஸ்குக்கும் நடுவே விரல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்கேனரில் எஸ்பிசியைச் செயலிழக்கச் செய்த பிறகே சக்கரத்தைத் தொட வேண்டும். அந்தக் கட்டளை எல்லாச் சாதாரண ஸ்கேனரிலும் கிடையாது. ஆகவே கேட்கிறோம்: பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இந்த ஒரு கட்டளையையாவது எந்தத் தனியார் ஒர்க்‌ஷாப்பும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவிடுங்கள்.

தவற்றை ஒப்புக்கொண்டால் பெயர் கெட்டுவிடும் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை, உங்கள் வரலாறே சாட்சி. 1997இல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகையின் சோதனையில் ஏ கிளாஸ் கவிழ்ந்தது. முதலில் முனகினீர்கள், பிறகு விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, அதுவரை விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த, வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பியை அந்தச் சின்னக் காரில் எல்லாருக்கும் கொடுத்தீர்கள். அதைவிடக் கனமான, இதோடு ஒப்பிடவே கூடாத விஷயத்தையும் எழுத்தில் ஒப்புக்கொண்டவர்கள் நீங்கள்: 1944இல், அப்போது டைம்லர்-பென்ஸ் என்றிருந்த உங்கள் நிறுவனத்தில் வேலை செய்த 63,610 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் கட்டாயத் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் முகாம் கைதிகளும் என்று. இதற்கு மாறாக டீசல் கார்களின் புகை அளவு பற்றிய விவகாரத்தில் வாயைத் திறக்கத் தயங்கினீர்கள். 2019இல் ஸ்டுட்கார்ட் அரசு வழக்கறிஞர்கள் 87 கோடி யூரோ அபராதம் போட்டார்கள், அடுத்த ஆண்டு அமெரிக்க அரசோடு சமரசத்துக்குச் சுமார் 150 கோடி டாலர் போனது. எது மலிவு என்று உங்கள் கணக்காளர்களே சொல்வார்கள்.

ஸ்டுட்கார்ட் பக்கத்து மக்கள் உங்களை ‘டைம்லர்’ என்கிறார்கள். தமிழில் நீங்கள் எப்போதும் ‘பென்ஸ்’தான், 1954 முதல் டாடாவோடு சேர்ந்து இந்தியாவில் செய்த லாரிகளிலிருந்தே அந்தப் பெயர் இங்கே நிலைத்தது. அந்த லாரிகளையும் சாலையோரத்தில், பானட்டைத் திறந்து வைத்துத்தான் பழுதுபார்த்தார்கள்.

ஃபெல்பாக்கில் 1993 முதல் கிளாசிக் மையம் நடத்துகிறீர்கள், கதவுகள் இறக்கைபோல் மேலே திறக்கும் ஐம்பதுகளின் கல்விங் காருக்கும் பாகம் தேடித் தருகிறீர்கள். அந்த அக்கறை டபிள்யூ 124, 140, 210 வரிசைகளின் ஹார்னஸுக்கும் ஸ்பிரிங் கிண்ணத்துக்கும் நீள வேண்டும். அவை வயதால் கெட்ட பாகங்கள் அல்ல, நீங்கள் தேர்ந்த பொருளாலும் பூச்சாலும் கெட்டவை. ‘ஆயுள் முழுவதற்கும்’ என்ற சொல்லைக் கையேடுகளிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கிலோமீட்டர் எண்ணைப் போடுங்கள். அமெரிக்காவில் மின்சாரக் காரின் வேகமெடுப்பைக் கூட்ட ஆண்டுக்கு 1,200 டாலர் சந்தா கேட்ட யோசனை யாருடையதோ, அவரை ஒருநாள் பேட் மாற்றும் வேலைக்கு அனுப்பிவையுங்கள், எஸ்பிசியை அணைத்த பிறகு.

பானட்டைத் திறக்கும் லீவரை அடுத்த மின்சார மாடலில் ஓட்டுநரின் கால்பக்கம், பழைய இடத்திலேயே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். உயர் மின்னழுத்த வயர்கள் ஆரஞ்சு நிறத்தில் தனியாகத் தெரிகின்றன. எதைத் தொடக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பழைய பென்ஸ்களை ஓடவைத்துக்கொண்டிருப்போர்