ராஜபாளையத்துக்காரர்களிடம் சொல்லிவிடலாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று சாயங்காலம் பெரிய மாமா வந்திருந்தார். ராஜபாளையத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருவது உறுதியாகிவிட்டது. கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, "அந்த ரத்த விஷயத்தை இப்ப பேச்செடுக்காதம்மா. கல்யாணம் முடியட்டும், மெல்லச் சொல்லிக்கிடலாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. போனில் பேசினால் "சரிம்மா, உங்க இஷ்டம்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. உனக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

2012 நினைவிருக்கிறதா? கடையநல்லூர்ப் பக்கமெல்லாம் டெங்கு பரவிய வருஷம். உன் கால் முழுக்க ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள், விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டுகள், அதுதான் பிளேட்லெட், வெறும் 9,000. தெருவே டெங்கு என்றது. பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கஷாயமும் வீடு தேடி வந்தன. உனக்கோ காய்ச்சலே இல்லை. மதுரைக்குப் போய் எலும்பு மஜ்ஜை வரை பரிசோதித்த பிறகு ஐ.டி.பி. என்றார்கள், உடம்பே தன் ரத்தத் தட்டுகளை அழித்துவிடும் நோய். பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே சரியாகிவிடும், அதையும் தாண்டி நீடித்தால் நாள்பட்டது என்று அர்த்தம் என்றார் டாக்டர். அந்த ஒரு வருஷம் முடிகிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கும் பிளேட்லெட் 22,000தான்.

ஸ்டீராய்டில் உன் முகம் உருண்டையானபோது, "நல்லாத் தேறிட்டாளே" என்று அத்தை கன்னத்தைக் கிள்ளினாள். ஆமாம் என்றேன். பசி தாங்காமல் நடுராத்திரி அடுப்படியில் நின்று நீ அழுததை யாரிடமும் சொல்லவில்லை. கையில் நீலம் பூத்தால் முழுக்கைச் சுடிதார் எடுத்துக் கொடுத்தேன். மாதவிலக்கு பத்து நாள் தாண்டியும் நிற்காமல் நீ துவண்டு கிடந்தபோது, கேட்டவர்களிடம் ரத்தசோகை என்றேன். பள்ளிக்கூடத்தில் ரத்தத் தட்டுகள் பாடம் நடத்துகிறவள் நான். ஒரு கன மில்லிமீட்டரில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கூட வேலை பார்த்த டீச்சர்களுக்குக்கூட என் மகளின் கணக்கு தெரியாது.

அதை நீதான் அனுபவித்தாய். ப்ளஸ் டூ லீவில் சித்தி வீட்டில் வழுக்கி விழுந்து கால் பிசகியபோது, பக்கத்து கிளினிக்கில் வலிக்கு இடுப்பில் ஊசி போட்டார்கள். சித்திக்கு ஒன்றும் தெரியாது. உனக்குத் தெரியும். ஆனால் யாரிடமும் சொல்லாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாளே, சித்தி வேறு பக்கத்தில் நிற்கிறாளே என்று நீ வாயைத் திறக்கவில்லை. தசைக்குள்ளேயே ரத்தம் கசிந்து, இரண்டு நாளில் தேங்காய் மூடி அளவுக்கு வீங்கிக் கறுத்தது. போட்ட மருந்தோ, இருக்கிற கொஞ்சத் தட்டுகளையும் வேலை செய்ய விடாத மருந்து. மூன்று வாரம் ஒருக்களித்தே படுத்திருந்தாய். நேற்று ராத்திரி எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

புகுந்த வீட்டில் உனக்குத் தலைவலி என்றால் மாமியார் அன்பாகத்தான் ஒரு மாத்திரையை நீட்டுவார். பாரசிட்டமால் என்றால் பரவாயில்லை, ஆஸ்பிரின், இபுப்ரோபன் வகையறா ஆகாது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? வாய்க்குள் ரத்தக் கொப்புளம் எழுந்தாலோ, திடீரென்று தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரிய வேண்டும். நீயோ ராத்திரி தட்டுகளைக் கூட்டும் எல்ட்ரோம்போபாக் மாத்திரை போடுகிறவள். பாலும் தயிரும் சேர்ந்தால் மருந்து உடம்பில் பிடிக்காது என்று நாலு மணி நேரம் தள்ளி வைக்கிறாய். கல்யாணத்தன்று ராத்திரி கையில் பால் சொம்பைக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் சொம்பிலேயே ஒரு பொய் ஆரம்பிக்க வேண்டுமா?

கேள்விகள் வரும், வரட்டும். தொற்றாது. புற்றுநோய் இல்லை. பொதுவாகப் பரம்பரையாக வருவதும் இல்லை. உடம்பின் எதிர்ப்பொருள்கள் தன் தட்டுகளையே அந்நியம் என்று நினைத்து ஒட்டிக்கொள்கின்றன, மண்ணீரல் அவற்றை அழித்துவிடுகிறது. அந்த மண்ணீரலை எடுத்துவிட்டால் என்ன என்பார்கள். மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் உண்டு, ஆனால் கிருமித்தொற்று பயம் ஆயுசுக்கும் இருக்கும். எல்லாம் கேட்டுக்கொண்டு இப்போதைக்கு வேண்டாம் என்றது நீ. அது உன் முடிவு, அதில் யாரும் தலையிட வேண்டாம்.

குழந்தை பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். போன மாதம் உனக்குத் தெரியாமல் நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஐ.டி.பி. உள்ள பெண்கள் எத்தனையோ பேர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்றார். கர்ப்பத்தின்போது அடிக்கடி கவுண்ட் பார்க்க வேண்டும். குழந்தைக்கும் பிறந்த சில நாள் தட்டுகள் குறையலாம், அதனால் உடனே பரிசோதிப்பார்களாம். ஆனால் நீ இப்போது போடும் மாத்திரை கர்ப்பகாலத்துக்கு உகந்ததல்ல, முன்கூட்டியே வந்து பேசி மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். அதற்காகவாவது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேண்டாம் என்று அவர்கள் எழுந்து போகலாம். போனால் எனக்கு வலிக்கும், உனக்கு அதைவிட வலிக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பதிமூன்று வருஷம் என் பேச்சைக் கேட்டு மறைத்தாய். இன்னொரு வீட்டிலும் போய் அதையே செய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இது உன் உடம்பு, அதனால் உன் சம்மதம் இல்லாமல் பேச மாட்டேன். சரி என்றால் வெள்ளிக்கிழமையே பையனின் அம்மாவுக்குப் போன் போடுகிறேன். நீயே அந்தப் பையனிடம் பேசுவதானாலும் எனக்குச் சந்தோஷம்தான். பெரிய மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெங்களூரிலிருந்து வரும்போது கடைசி ரிப்போர்ட்டை எடுத்து வா. தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சுடிதார், அந்த அரைக்கை வைத்தது, அதையே போட்டுக்கொள். முழங்கைக்குக் கீழே இருக்கும் நீலம் தெரிந்தால் தெரியட்டும்.

அம்மா
சங்கரன்கோவில்