அந்தத் துண்டு இன்னும் இருக்கிறதா, எய்யா?

எய்யா, அம்மா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "சரிம்மா, சரிம்மா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது, பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. மற்றதை அப்புறம் சொல்கிறேன். முதலில் எனக்கு ஒன்று தெரியவேண்டும். பட்டாளத்தில் அடிபட்டு வந்தபோது உன் இடது காதுக்குப் பின்னால் இருந்த அந்த இரும்புத் துண்டை டாக்டர்கள் எடுத்துவிட்டார்களா, அப்படியே விட்டுவிட்டார்களா? நீ சிகரெட்டை விட ஒரு வைத்தியம் இருக்கிறதாம், அதற்காகத்தான் கேட்கிறேன்.

மருமகளைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னவள்தான் போனில், "ஆச்சி, அப்பா ராத்திரியெல்லாம் மொட்டை மாடியிலதான் இருக்காங்க, காலையில அங்கன ஒரே துண்டு சிகரெட்டா கிடக்கு" என்றாள். எத்தனை என்று கேட்டேன். எண்ணிச் சொன்னாள். குழந்தை, அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

கோயில் கொடைக்கு அம்பைச் சித்தி மகள் வந்திருந்தாள். நீ வரவில்லை. கோயில் வரி மட்டும் அனுப்பினாய், வாங்கிக் கட்டிவிட்டேன், ஆனால் வரி கொடுக்கவா பிள்ளை பெற்றேன்? அதை விடு. அவள் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில், தலையில் காந்தம் வைத்து மனநோவுக்கு வைத்தியம் செய்கிற அறையில்தான் வேலை பார்க்கிறாள், உனக்குத் தெரியும். பக்கத்து வளவில் ஒரு பையன் சிகரெட்டை விட முடியாமல் கிடக்கிறான் என்று மெதுவாகக் கேட்டேன். "பெரியம்மா, அண்ணனுக்குத்தானே?" என்றாள். பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னாள், பீடிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் உனக்கு எழுதுகிறேன்.

கத்தி கிடையாது, மயக்க ஊசி கிடையாது. நாற்காலியில் முழித்தபடியே உட்காரவேண்டியதுதான். தலையில் தொப்பி மாதிரி ஒன்று வைப்பார்கள், அதற்குள் கம்பிச்சுருள். அதில் மின்சாரத்தை விட்டு விட்டு ஓட்டினால் காந்தம் எழுந்து மண்டையோட்டைத் தாண்டிப் போய் மூளையில் அந்த இடத்தை மட்டும் தூண்டுமாம். 1985இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊரில் செய்து காட்டினார்களாம். அமெரிக்காவில் 2008இல் மனச்சோர்வுக்கு அனுமதி கொடுத்து, 2020இல் புகை விடுவதற்கும் கொடுத்திருக்கிறார்கள். நெற்றிக்கு உள்ளேயும், காதுக்கு மேலே உள்ளே மடிந்து கிடக்கிற ஒரு இடத்திலும் போய்ப் படுகிற மாதிரி அந்தத் தொப்பியைச் செய்திருக்கிறார்கள். அந்த மடிந்த இடம் வாதத்தில் கெட்டுப்போன சிலருக்குச் சிகரெட் நினைப்பே அற்றுப்போனதை 2007இல் கண்டு எழுதியிருக்கிறார்களாம். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது எய்யா. நினைப்புக்கு ஒரு இடம் இருக்கிறது பார். அப்படியென்றால் நீ விட முடியாமல் கிடப்பது மனசுத் தைரியம் இல்லாமல் இல்லை. உன்னை எத்தனை தடவை அப்படிச் சொல்லி வைதிருக்கிறேன்.

3 வாரம், வாரத்துக்கு 5 நாள், அப்புறம் 3 வாரத்துக்கு வாரம் ஒரு தடவை. உட்காருவதற்கு முன்னால் சிகரெட்டைப் பற்றியே பேசி ஆசையைக் கிளப்பிவிட்டுத்தான் காந்தத்தை ஓட்டுவார்களாம். அமெரிக்கச் சோதனையில் 262 பேர், எல்லோரும் முன்னே விட்டுப்பார்த்துத் தோற்றவர்கள். சிலருக்கு நிஜக் காந்தம், சிலருக்குச் சத்தம் மட்டும். கடைசிவரை வந்தவர்களில் நிஜக் காந்தம் வைத்த 100 பேருக்கு 28 பேர் 4 வாரம் தொடர்ந்து தொடாமல் இருந்திருக்கிறார்கள், சத்தம் மட்டும் கேட்டவர்களில் 12 பேர்தான். 28 என்றால் குறைவு என்று நீ சொல்வாய். நீ அந்த 28இல் ஒருவனாக இருந்தால் எனக்குப் போதும். அந்தச் சோதனை பட்டாளத்துக்காரர்களுக்கென்று தனியாக நடத்தியது இல்லை, அதையும் அவளே சொன்னாள், மறைக்கவில்லை.

இப்போது அந்தத் துண்டுக்கு வருகிறேன். தலைக்குள் இரும்பு இருந்தால் இந்தக் காந்தம் ஆகாதாம். காந்தம் பட்டால் அது நகரலாம், சூடாகலாம். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்பார்கள், நீ வழக்கம்போல "ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிடாதே. உனக்கு எது கேட்டாலும் ஒன்றும் இல்லைதான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த அந்த லீவில், உனக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்தபோது என் விரலில் அரிசி மாதிரி தட்டுப்பட்டது. "இது என்ன எய்யா?" என்று கேட்டேன், நீ என் கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாய். அதற்குப் பிறகு நானும் தொடவில்லை, நீயும் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, தூங்காமல் போய் உட்காராதே. தூக்கம் கெட்ட உடம்பில் இது வலிப்பைக் கொண்டுவரலாம், அபூர்வம்தான், ஆனால் உன் தூக்கம் எனக்குத் தெரியும். குடித்துவிட்டும் போகாதே. சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். மரங்கொத்தி கொத்துகிற மாதிரி டக் டக் டக்கென்று தலைமேலேயே அடிக்குமாம். காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். முதல் நாள் தலைவலிக்குமாம், போகப் போகக் குறையுமாம். சத்தம் ஆகாது என்று முன்கூட்டியே சொல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள் என்றாள். அதைச் சொல்வதில் வெட்கம் என்ன?

சிகரெட்டை விட்டால் மனசு இன்னும் கெட்டுவிடும் என்று நீ மருமகளிடம் சொன்னதாகக் கேள்வி. (சரி, அதை மட்டும் அவள் சொன்னாள்.) அமெரிக்காவில் உன்னைப் போலவே, பட்டாளத்தில் பட்டது மனசை விட்டுப் போகாத நோவோடு (பி.டி.எஸ்.டி. என்கிறார்கள்) வந்த 943 பேரைப் பார்த்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். மனசுக்குப் பார்க்கிற இடத்திலேயே புகையை விடவும் சேர்த்துப் பார்த்ததில், தனியாக அனுப்பியதைவிட இரண்டு மடங்குப் பேர் விட்டிருக்கிறார்கள், மனசும் கெடவில்லை. ஆகவே இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொல். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு வைத்தியத்துக்குக் கொடுக்கிற அந்த இ.சி.எச்.எஸ். கார்டை எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போய்க் கேள். காந்தம் ஆகாது என்றால் மாத்திரை இருக்கிறது, மெல்லுகிற நிக்கோட்டின் இருக்கிறது, பாக்கெட் மேலேயே 1800-11-2356 என்று நம்பர் போட்டிருக்கிறான், பைசா செலவில்லை. ஆனால் அந்தத் துண்டைச் சொல்.

வெலிங்டனில் நீ பயிற்சி முடிந்து சத்தியம் எடுக்கிற கசம் பரேடில் நின்றபோது நானும் உங்கப்பாவும் குளிரில் நடுங்கிக்கொண்டு பார்த்தோம். உங்கப்பா பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் "மூணாவது வரிசை, நம்ம பையன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 17 வருஷம் ஒரு கெட்ட பேர் இல்லாமல் வந்தவன் நீ. அதனால்தான் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் நடந்ததை என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேட்டுப் போட்டதும் நீ சின்னவளை அப்படியே இழுத்துக் கீழே போட்டு அவள்மேல் கவிழ்ந்து படுத்தாய். பொங்கல் பானை சரிந்தது. சொக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள், ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஓடிவந்து என்ன சொன்னேன்? "ஒண்ணுமில்ல, கால் தடுக்கிருச்சு." நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். உன் முழங்கையில் மண் ஒட்டியிருந்தது, அதைக்கூட நான் துடைத்துவிடவில்லை. அன்றைக்கு ராத்திரியே நீ பஸ் ஏறிவிட்டாய்.

அது மட்டும் இல்லை. அந்த முதல் லீவில் நீ சாமத்தில் திண்ணையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாய். நான் பார்த்துவிட்டேன். என்ன நடந்தது என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம். அதனால் உள்ளே போய், மறுநாள் பீடிக்கடைக்குக் கொடுக்க வைத்திருந்த சுளவிலிருந்து ஒரு பீடிக் கட்டை எடுத்து வந்து உன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் பாதிக் கட்டுதான் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு லீவு முடியும்வரை தினமும் வைத்தேன். உங்கப்பா கடைசி மாசம் இருமியது தெரிந்தும் வைத்தேன். என் கை சுற்றியதில்தான் நீ படித்தாய், சாப்பிட்டாய், எட்டு வயசில் எனக்கு எதிரே உட்கார்ந்து முனை மடக்கிக் கொடுத்தாய், அதற்கு நான் வருத்தப்படவில்லை, வேறு வழி இல்லை. அந்தத் திண்ணையில் வைத்ததற்கு வழி இருந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

இப்போதும் அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று எழுதச் சொல்லவில்லை. உனக்கு எப்போது வருகிறதோ அப்போது சொல், கேட்கிறேன், இந்தத் தடவை எழுந்து போகமாட்டேன். துண்டு இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு. சித்தி மகளிடம் சொல்லி நாள் வாங்கிவிடுவேன். 3 வாரமும் நான் வந்து உன்கூட இருக்கிறேன், பசுவைச் சித்தி வீட்டில் விட்டுவிடலாம்.

கன்றுக்கு நெற்றியில் வெள்ளை இருக்கிறது. என்ன பெயர் வைக்கலாம் என்று சின்னவளைக் கேட்டுச் சொல்.

அம்மா