ககன்யானில் ஒரு பென்சில் டப்பா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நம் வீரர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராக்கெட், செலவு, எந்த நாடு முந்தியது எல்லாம் இருந்தன. முப்பது வருஷம் ஓவிய வாத்தியாராக இருந்தவன் என்பதால், அதில் விடுபட்ட ஒன்றை, விண்வெளியும் ஓவியமும் பற்றி, சொல்லத் தோன்றியது.

1965 மார்ச் 18 அன்று வோஸ்கோத் 2 கலத்தைவிட்டு வெளியே வந்து வெட்டவெளியில் மிதந்த முதல் மனிதர் சோவியத்தின் அலெக்சி லியோனோவ். சுமார் 12 நிமிடம். திரும்பும்போது விண்வெளி உடை உப்பிப்போய் வாசலுக்குள் நுழைய முடியவில்லை. உடையிலிருந்த காற்றைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி, எப்படியோ உள்ளே வந்து பிழைத்தார். இந்தக் கதை பலருக்குத் தெரியும். அதே பயணத்தில் அவர் வண்ணப் பென்சில்களும் கொண்டுபோயிருந்தார்! கையை எடுத்தால் பென்சில் மிதந்து போய்விடுமே. அதனால் ஒவ்வொன்றையும் நூலில் கட்டி வைத்திருந்தார். உயிர் தப்பி வந்த மனுஷன், அந்தப் பென்சில்களால் சூரியன் உதிப்பதை வரைந்தார். சின்னப் படம்தான். பூமியின் வளைந்த ஓரத்தில் பட்டை பட்டையாக நிறங்கள். நம் காற்றுமண்டலம் எவ்வளவு மெல்லியது என்பது அதைப் பார்த்தால் புரியும்.

கேமராதான் இருக்கிறதே என்பார்கள். சரி. 1969-இல் அப்பல்லோ 12-இல் போய் நிலவில் நடந்த ஆலன் பீனுக்கும் கேமரா இருந்தது. ஆனாலும் 1981-இல் நாசா வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியராகிவிட்டார். நிலவு ஒரே சாம்பல் நிறம். அவர் அதில் ஊதாவும் மஞ்சளும் பச்சையும் கலந்தார். நிலவு நடைக்கான பூட்ஸின் அச்சைப் படத்தில் பதித்தார். தன் விண்வெளி உடையில் இருந்த துணிச் சின்னங்களைத் துண்டு துண்டாக வெட்டி, அவற்றில் ஒட்டியிருந்த நிலாத் தூசியோடு சேர்த்துப் படங்களில் கலந்தார். போய்வந்த ஒருவருக்கு அந்த இடம் மனசுக்குள் எப்படித் தங்கியிருக்கிறது என்பதை எந்த கேமரா எடுக்கும்?

எங்கள் பள்ளியில் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது என் பீரியட்தான். விண்வெளி என்றால் வினாடி வினா, அவ்வளவுதான். ஒரு வருஷம் எட்டாம் வகுப்பில் லியோனோவ் கதையைச் சொல்லிவிட்டு, அங்கிருந்து பார்த்தால் நம் ஊர் எப்படி இருக்கும், வரையுங்கள் என்றேன். ஒரு பையன் தாள் முழுக்கக் கறுப்பு அடித்து மூலையில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி வைத்தான். "எங்க வீட்டு லைட்டு சார். அம்மா இன்னும் தூங்கல" என்றான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ககன்யானுக்கான என்ஜின்களை எங்கள் பக்கத்து மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்தில்தான் சோதிக்கிறார்கள். அங்கே யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால், வீரர்களுடன் வண்ணப் பென்சிலும் அனுப்பச் சொல்லுங்கள். டப்பாவும் நூல்கண்டும் என் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
வள்ளியூர்.