அல்பத்தோரை மறுபடி பார்த்தேன்

ரோஸ் ஹில், மொரீசியஸ்,
ஆகஸ்ட் 2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கரான்ஸ் புயல் பிய்த்துப்போட்ட கூரைத் தகடுகளை ஒருவழியாக மாற்றிவிட்டீர்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. பிப்ரவரி கடைசியில் உங்கள் ரியூனியன் தீவின் வடக்குக் கரையைத் தாக்கப் போகிறது என்று செய்தியில் சொன்னதிலிருந்து அம்மா பூஜை அறையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இப்போது அம்மா நலம். முட்டி வலி இருக்கிறது, ஆனாலும் வரும் தைப்பூசத்துக்குக் காவடியோடு கோவில்வரை நடந்தே வருவேன் என்கிறார். யார் தடுப்பது? எனக்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பருவ வேலை கழுத்துவரை இருக்கிறது.

ஆனாலும் உனக்கு நீளமாக எழுத வேண்டும்போல் இருக்கிறது. காரணம் அல்பத்தோர், சின்ன வயதில் நாம் டிவியில் பார்த்த அந்த விண்வெளிக் கொள்ளைக்காரக் கேப்டனின் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்.

அக்கா மகன் பாரிஸிலிருந்து வந்தபோது 42 பகுதிகளும் உள்ள பெட்டியைக் கொண்டுவந்தான். ஜப்பானியக் குரல், கீழே பிரெஞ்சு வரிகள். அவன் மகளோடு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். பெத்தித் ரிவியேரில் உங்கள் மொட்டைமாடியில் உன் அண்ணன் ஆன்டெனாவை ரியூனியன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வார், நாம் கீழே இருந்து "தெரியுது, தெரியுது" என்று கத்துவோம். பாதி நேரம் படத்தில் புள்ளிகள்தான். இப்போது தெளிவாகப் பார்க்கையில் எத்தனை விஷயங்களை நாம் பார்க்காமலே கொண்டாடியிருக்கிறோம் என்று தெரிகிறது.

முதலில், நம் நினைவைவிட மேலாக இருந்தவற்றைச் சொல்கிறேன். இவ்வளவு நிதானமான தொடர் என்று எனக்கு நினைவில்லை. இயக்கியவர் ரின்தாரோ. தோயெய் நிறுவனத்துக்கு அப்போது பெரிய செலவு செய்ய முடியவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. அதே கப்பல் அதே கோணத்தில் திரும்பும், அதே வட்ட வட்ட மானிகள் மின்னும். ஆனால் அசையாத ஓவியத்தின் மேல் கேமராவை மெல்ல நகர்த்தி, செய்ஜி யோக்கோயாமாவின் இசையை ஓடவிட்டு, ஒரு மனிதன் ஜன்னலோரம் நிற்பதையே ஒரு காட்சியாக்கிவிடுகிறார். நமக்கு எரிக் ஷார்தென் பாடிய பிரெஞ்சுப் பாட்டுதான் தெரியும், அது பிள்ளைகளைக் கூப்பிடும் துள்ளல் பாட்டு. மூலத்தின் இசை துக்க வீட்டு இசை. கப்பலைப் பார்: முன்புறம் சுறாமீன் மூக்கு, பின்புறம் பழைய பாய்மரக் கப்பலின் மரக்கூண்டு. விண்வெளியில் அதற்கு ஒரு பயனும் இல்லை. ஆனாலும் அதுதான் மனதில் நிற்கிறது. 2013இல் கணினியில் செய்த புதுப் படத்தை அக்கா மகன் போட்டுக் காட்டினான். பளபளப்பு எல்லாம் இருந்தது, அந்தத் தனிமை இல்லை.

இனிக் குறைகள். எனக்கு உறுத்திய முதல் விஷயம் சாதாரண மனிதர்கள் மேல் இந்தக் கதை வைத்திருக்கும் வெறுப்பு. 2977ஆம் ஆண்டின் பூமியில் எந்திரங்களே வேலை செய்கின்றன, மக்கள் டிவி முன் மயங்கிக் கிடக்கிறார்கள், பிரதமர் கோல்ப் ஆடுகிறார். வானத்திலிருந்து கறுப்புக் கோளம் விழுந்தாலும் யாருக்கும் அக்கறை இல்லை. எச்சரித்த விஞ்ஞானியை எதிரிகள் கொன்றுவிடுகிறார்கள், அவர் மகன்தான் அல்பத்தோரின் கப்பலில் சேரும் நம் ராமிஸ். உணர்ச்சியுள்ளவர்கள் எல்லாரும் அல்பத்தோரின் கப்பலில், மற்றவர்கள் மந்தை. மூலச் சித்திரக்கதையைப் படைத்த லெய்ஜி மட்சுமோட்டோ 1938இல் பிறந்தவர், ஜப்பான் தோற்றபோது ஏழு வயதுப் பையன், அப்பா ராணுவ விமானி. தோற்ற நாடு வயிறு நிறைந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டதே என்ற கசப்பு அவருக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் கதையில் பூமியில் ஒரு துணி துவைக்கும் பெண்ணைக்கூட நாம் சந்திப்பதில்லை. வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, வரி கட்டுகிறவர்கள் எல்லாரும் கோழைகள் என்று யார் முடிவு செய்தது?

நம் முன்னோர்களை நினைத்துக்கொண்டேன். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவுகளும் புகைப்படங்களும் இருக்கின்றன, நீ பார்த்திருக்கிறாய். 1867 சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவர்கள்கூட முகப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்குக் கொடி பிடிக்கக் கப்பல் இல்லை. கரும்புத் தோட்டத்திலேயே இருந்து கோவில் கட்டினார்கள், எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அல்பத்தோரின் கணக்கில் அவர்களுக்கு இடம் எங்கே? சுதந்திரம் என்றால் கிளம்பிப் போவது மட்டும்தான் என்று அந்தத் தொடர் நம்புகிறது. பத்து வயதில் எனக்கும் அது இனித்தது. இப்போது கிளம்ப முடியாதவர்களின் வீரம்தான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பெண்களைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். நோசிக்கா ரேடார் முன் உட்கார்ந்திருக்கிறாள், நல்ல தைரியசாலி, ஆனால் கதை அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை. கிலியோ தன் உலகத்தை இழந்தவள், வாயே இல்லாத முகம், மது குடித்து உயிர்வாழ்கிறாள், யாழ் போன்ற ஒன்றை மீட்டுகிறாள். அவள் சொல்வது ஒன்றுதான்: என் உயிர் கேப்டனுக்கு. அல்பத்தோரின் இறந்துபோன நண்பனின் மகள் ஸ்தெல்லி, ஓக்கரினா ஊதிக்கொண்டு அநாதை இல்லத்தில் காத்திருக்கிறாள். அல்பத்தோரைப் பிடிக்க, அவனைத் துரத்தும் பூமி அரசின் அதிகாரி விலாக் அவளைத் தூண்டில் புழுவாக்குகிறான். மூலச் சித்திரக்கதையில் அவள் இல்லவே இல்லையாம், தொடருக்காகச் சேர்த்தார்கள். அது நல்ல முடிவு என்றுதான் சொல்வேன். அவள் இருப்பதால்தான் அல்பத்தோருக்கு அந்த வெறுத்த பூமியைக் காக்க ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் அவளுக்கென்று ஒரு ஆசை, ஒரு கோபம், எதுவும் கிடையாது. அக்கா மகனின் மகள் கேட்டாள், "இந்தப் பொண்ணு ஏன் எப்பவும் காத்துக்கிட்டே இருக்கா?" பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது, பூமியைப் பிடிக்க வரும் அரசி சில்வித்ராவின் கூட்டம். நாம் அவர்களை வில்லிகளாக மட்டுமே பார்த்தோம். உயிரோடு இருக்கும்போது அழகான பெண்கள், செத்தால் தாள்போல் எரிந்து சாம்பலாகிற செடி இனம். அந்த எரிதல் நமக்கு எவ்வளவு பிடித்தது, எத்தனை தடவை நடித்துக் காட்டுவாய்! இப்போது பார்த்தால், பகுதிக்குப் பகுதி ஒரு பெண் வந்து தன் துயரத்தைச் சொல்லிவிட்டு எரிகிறாள். அவர்கள் வாழ இடமில்லாத ஒரு இனம். தாங்கள் ஆதியில் வந்து போன இடம் பூமி, அது எங்களுடையதும்தான் என்று உரிமை கொண்டாடிக்கொண்டு வருகிறார்கள். போர்க்கப்பல்களோடு குடிமக்கள் கப்பல்களும் வருகின்றன. அரசி இரக்கமில்லாத கட்டுப்பாட்டோடு அந்தக் கூட்டத்தை ஓட்டுகிறாள், தயங்குகிறவர்களுக்குத் தண்டனை.

இவர்களை நம் கூலி முன்னோர்களோடு சேர்த்துப் பேசக் கூடாது என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் துறையின் படிகளில் பீரங்கியோடு ஏறவில்லை. சில்வித்ரா பூமியைப் பறிக்க வருகிறாள். ஆனாலும் நடு வானத்தில் வீடில்லாமல் நகரும் ஒரு கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு சாகோஸ் தீவுக்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். நம் வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகள், நினைவிருக்கிறதா? நாம் அல்பத்தோர் கதை பேசும்போது அவர்கள் வீட்டில் டிவி இல்லாததால் நம் வாயையே பார்ப்பார்கள். 1968இலிருந்து 1973வரை பிரிட்டிஷ்காரர்கள் அவர்களின் தீவுகளைக் காலி செய்தார்கள், தியேகோ கார்சியாவை அமெரிக்கத் தளமாக்குவதற்காக. அவர்கள் வளர்த்த நாய்களைக்கூடக் கொன்றார்கள். நோர்த்வேர் கப்பலில் கடைசியாக ஏற்றி வரப்பட்டவர்கள் 1973இல் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கவே மறுத்தார்கள். இறங்கினால் எங்கே போவது? இந்த மே மாதம் லண்டன் நம் அரசாங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, தீவுகள் மொரீசியஸுக்கு. தியேகோ கார்சியா மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு லண்டனிடமே. அங்கே பிறந்தவர்கள் அங்கே குடியேற முடியாது. அதைச் செய்தியில் பார்த்த அந்த வாரத்தில்தான் நான் சில்வித்ராவின் கடைசிப் பகுதிகளைப் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு கொதித்துப்போய் எழுதுகிறேன்.

கடைசியில் என்ன நடக்கிறது தெரியுமா? நமக்கு அந்தப் பகுதிகள் வந்த சமயம் புயல் அடித்து ஆன்டெனா சாய்ந்துவிட்டது. அல்பத்தோரும் அரசியும் வாளோடு மோதுகிறார்கள். அவன் ஜெயிக்கிறான், ஆனால் கொல்லவில்லை. உன் மக்களை அழைத்துக்கொண்டு போ என்று விட்டுவிடுகிறான். கூட்டம் திரும்பிப் போகிறது. எங்கே? தொடருக்கு அந்தக் கேள்வி இல்லை. மாலுமிகளைப் பூமியில் இறக்கிவிட்டு அல்பத்தோர் கிலியோவோடு கிளம்பிவிடுகிறான். நம் கண்ணீர் எல்லாம் அவனுக்கு. அந்தக் கப்பல்களில் இருந்த குடிமக்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. எனக்கு இந்தத் தொடர்மேல் இருக்கிற பெரிய வழக்கு இதுதான். கதவைத் திறந்து காட்டுகிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது.

அதே நேரம், அந்தக் கதவை 1978இல் ஒரு சிறுவர் தொடர் திறந்ததே பெரிது என்றும் தோன்றுகிறது. நீ கேப்டன் ஃப்ளாம் கார்ட்டூன் கட்சி, அதில் கெட்டவன் கெட்டவனாகவே இருப்பான், முடிந்தால் ஒழிந்தான். அல்பத்தோரில் எதிரி அழுகிறாள். அவள் ஏன் வந்தாள் என்று கேட்கப்படுகிறது. மட்சுமோட்டோ சித்திரக்கதையை முடிக்காமலே விட்டுவிட்டார், ஒருவேளை அந்தக் கூட்டத்தை என்ன செய்வதென்று அவருக்கும் மனம் வரவில்லையோ என்னவோ. 2023 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்த அன்று நீதான் முதலில் எனக்குச் செய்தி அனுப்பினாய். அப்போது நான் ஒரு வரிதான் பதில் போட்டேன். இதுதான் அந்தப் பதிலின் மிச்சம் என்று வைத்துக்கொள்.

என் வகுப்பில் இதைப் பயன்படுத்தலாம் என்று இருக்கிறேன். மூன்று பகுதிகளை மட்டும் காட்டி, சில்வித்ராவின் கப்பலில் இருக்கும் ஒரு சிறுமி எழுதும் கடிதத்தைத் தமிழில் எழுதச் சொல்லப் போகிறேன். பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்று உனக்கு அனுப்புகிறேன். தலைமையாசிரியர் சம்மதிக்க வேண்டும், அவரிடம் பேசிவிட்டேன், யோசிக்கிறேன் என்றார்.

டிசம்பரில் அக்கா மகன் சேன்-தெனி வருகிறான். பெட்டியை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், அவன் போன் செய்தால் போய் வாங்கிக்கொள். உன் வீட்டுக்காரரையும் சேர்த்து உட்கார வை, அவருக்கும் இது சின்ன வயதுக் கதைதானே. பதின்மூன்றாம் பகுதியில் நிறுத்திவிடாதே, அங்கே கொஞ்சம் இழுக்கும், தாண்டிப் போய்விடு. ராமிஸை நீ இன்னும் நல்லவன் என்றுதான் சொல்லப் போகிறாயா, அதை மட்டும் உடனே எழுது. எனக்கு அவன்மேல் இப்போது ஏகப்பட்ட கோபம், பார்த்து முடித்த பிறகு சண்டை போடலாம்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உன் மாமியாருக்கு என் வணக்கம். அவர் கொடுத்தனுப்பிய மிளகாய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது, அதையும் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய தோழி