பேத்தியின் கல்ச்சர் ரிப்போர்ட்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டாள் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் நலம். பணி ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறையாவது லேப் பக்கம் எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குப் பொழுது போவதில்லை.

குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையிலேயே இருந்த, வெளிக்காற்றே படாத குழந்தைக்கு எப்படிக் கிருமி வந்தது என்று கேட்டிருந்தாய். உன் மகள் தன்னால்தான் வந்ததோ என்று அழுகிறாள் என்றும் எழுதியிருந்தாய். இதில் அவள் தவறு எதுவுமே இல்லை, நான் சொன்னதாகவே அவளிடம் சொல்.

டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2011 முதல் 2014 வரை 13,530 பச்சிளம் குழந்தைகளைக் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ரத்தப் பரிசோதனையில் அதிகம் வளர்ந்தவை அசினெட்டோபாக்டர், க்ளெப்சியெல்லா, ஈ.கோலை என்ற பாக்டீரியாக்கள். அசினெட்டோபாக்டரில் 82 சதவீதமும் க்ளெப்சியெல்லாவில் 54 சதவீதமும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. அதைவிட என்னை உலுக்கியது, மூன்றில் இரண்டு பங்குத் தொற்று பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்திருந்ததுதான். முதல் மூன்று நாளில் வந்தால் தாயிடமிருந்து, அப்புறம் வந்தால் மருத்துவமனையிலிருந்து என்றுதான் நாங்கள் படித்தோம். இங்கேயோ இரண்டு கட்டத்திலும் ஒரே கிருமிகள். பிரசவ அறையிலேயே, குழந்தையை முதலில் தொடும் கைகள், குழாய்கள் வழியாகவே தொற்றுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உன் பேத்திக்கு வந்தது க்ளெப்சியெல்லா. அது தன்னைச் சுற்றி வழவழப்பான சர்க்கரை உறை ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். நம் வெள்ளையணுக்களால் அதை எளிதில் விழுங்க முடியாது. குறைமாதக் குழந்தைக்கு எதிர்ப்பு சக்தியும் குறைவு, தோலும் மெல்லியது. இதில் வீரியம் மிகுந்த ஒரு ரகத்தை 1980களில் தைவானில் கண்டார்கள். திடமாக இருப்பவர்களுக்கே ஈரலில் சீழ்க்கட்டி வந்தது, ஆனால் வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்பட்டது. மருந்துக்கு அடங்காத ரகமோ, ஏற்கெனவே நலிந்தவர்களைத்தான் பெரும்பாலும் தாக்கும். இந்த இரண்டு குணங்களும் தனித்தனியே இருந்தவரை ஓரளவு சமாளித்தோம். பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையங்களைக் கிருமிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்வதால் இப்போது இரண்டும் ஒரே கிருமியில் சேர்கின்றன. 2016இல் சீனாவின் ஹாங்சோவில் ஒரு மருத்துவமனையில் அப்படிப்பட்ட கிருமி தொற்றிய ஐந்து பேரும் இறந்துபோனார்கள். அவர்கள் எல்லோரும் பெரியவர்கள். அதே கிருமி இன்குபேட்டர் அறைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம்.

மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் கேட்கவில்லை என்றால் கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டின், அதுவும் கேட்கவில்லை என்றால் அடுத்தது என்று மருந்துகளின் பின்னாலேயே ஓடுகிறோம். ஒரு நர்ஸ் ஏழெட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கை கழுவ அவளுக்கு நேரம் எங்கே? நர்ஸ்களைக் கூட்டுவது புது மருந்தைவிட அவசரம் என்பேன்.

உன் மகளுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே தாயின் மார்போடு சேர்த்து வைத்தார்கள். 28 நாட்களுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. ரத்தத் தொற்றும் குறைந்தது. கிருமி வரும் என்று பயந்து தாய்மாரை வெளியே நிறுத்திய காலத்தை நினைத்தால் மனசு பதறுகிறது. அதனால் பேத்தியை மார்போடு அணைத்து வைத்திருக்கச் சொல், தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியோடு, எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் ஒரு தாள் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன். சளி, காய்ச்சல் என்று இனி எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளைக் கையோடு எடுத்துப்போகச் சொல்.

அன்புடன்,
வசந்தா