நன்மாறன் கேட்ட வீடு

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்ததா? பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்தும் பதில் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். தம்பி மகன் கவுன்சிலர் தேர்தலில் நிற்கப் போகிறானாம். செலவுக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டும், பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கிறதே, கையெழுத்துப் போடுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான். அப்பா பாதுகாத்த அதே மஞ்சள் பையில் பத்திரம். "ஜெயிச்சிட்டா ஒரே வருஷத்துல மீட்டுடலாம் பெரியப்பா" என்றான். அந்தப் பேச்சுதான் நெஞ்சை அறுக்கிறது. எதை வைத்து மீட்பான்?

எனக்கு உடனே நம்ம மதுரை மார்க்சிஸ்ட் தலைவர் நன்மாறன் ஞாபகம் வந்துவிட்டது. எத்தனை ராத்திரி அவர் பேச்சைக் கேட்க நாம் சைக்கிளில் போயிருப்போம்! கத்த மாட்டார், யாரையும் வைய மாட்டார். சாதாரணமாகத்தான் பேசுவார், கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். சிரித்து முடிக்கும்போது விலைவாசி எப்படி ஏறுகிறது என்பது மனதில் ஏறியிருக்கும். மேடைக் கலைவாணர் என்று சும்மாவா சொன்னார்கள்? மார்க்சிஸ்ட் இளைஞர் அமைப்பான வாலிபர் சங்கத்துக்கு மாநிலத் தலைவராக இருந்தவர், 2001, 2006 என இரண்டு முறை மதுரை கிழக்கில் எம்.எல்.ஏ. மார்க்சிஸ்ட் கட்சியில் எம்.எல்.ஏ. சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டு, அது தருகிற அலவன்ஸில்தான் குடும்பம் நடத்த வேண்டும். இவரும் அப்படித்தான் வாழ்ந்தார்.

பத்து வருடம் சட்டமன்றத்தில் இருந்தவர், 2021-ல் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போனார். சொந்த வீடு இல்லை, ராஜாக்கூர் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரு வீடு ஒதுக்குங்கள் என்று. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நீ போனில் பேச முடியாமல் வைத்துவிட்டாயே, மறந்திருக்க மாட்டாய். அதே வருடம் அக்டோபரில் போய்விட்டார். 74 வயது.

வாடகை வீட்டிலேயே வாழ்ந்து முடிந்த எம்.எல்.ஏ.வை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம் இந்தக் கையெழுத்தை எப்படிப் போடுவேன்? பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அது அந்தக் காலம் பெரியப்பா" என்கிறான். 2006 அந்தக் காலமாம்! அவன் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தான்.

கெட்டவன் இல்லை செல்வம். தெருவில் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் ஓடுகிறவன் அவன்தான். நிற்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. துண்டுப் பிரசுரம் அடிக்க, மைக் செட் போட என் பென்ஷனில் இருந்து தருகிறேன். வீடு வீடாகக் கூடவே நடக்கிறேன். வீட்டை மட்டும் வைக்கக் கூடாது.

என் பேச்சு எடுபடவில்லை. சின்ன வயதில் அவனுக்கு நீச்சல் பழக்கியவன் நீ, உன் வார்த்தைக்குக் கட்டுப்படுவான். ஆவணி முதல் வாரத்துக்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. மஞ்சள் பை இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது.

அன்புடன்,
ராசு